கண்ணயர்ந்த குழந்தை தூங்கியதா?

தீக்காய வார்டின் இரவுக் குறிப்பேட்டைப் புரட்டினால், குழந்தை எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தது, எத்தனை முறை விழித்து அழுதது, என்ன மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். கண்ணயர்ந்திருந்த நேரத்தில் மூளைக்குள் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், சின்சினாட்டி நகரின் ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் மிஷேல் காட்ஷ்லிக் குழுவினர் அந்த விடுபட்ட பகுதியைத் தேடிப் போனார்கள். தீக்காயம் பட்ட பிள்ளைகளின் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி, தூக்கத்தைக் கருவியில் பதிவு செய்தார்கள். முடிவுகள் 1994-இல் வெளிவந்தன.

பதிவான மொத்தத் தூக்க நேரத்தைப் பார்த்தால் கவலைக்கு இடமில்லை என்று தோன்றியது. பகலும் இரவுமாகக் கூட்டினால் பிள்ளைகள் போதிய மணி நேரம் தூங்கியிருந்தார்கள். ஆனால் அந்தத் தூக்கம் துண்டு துண்டாகக் கிடந்தது. திரும்பத் திரும்ப விழிப்பு வந்தது. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் வெகுவாகக் குறைந்திருந்தன. சில பதிவுகளில் அவை அறவே இல்லை. எஞ்சியிருந்ததில் பெரும்பகுதி மேலோட்டமான தூக்கம்.

அப்படியானால், தூங்க வைக்க மருந்து கொடுத்தால் என்ன திரும்பி வருகிறது? மணி நேரமா, இழந்த ஆழமா? தீக்காயக் குழந்தைகளுக்கான தூக்க மருந்து ஆய்வுகள் அனைத்தும் இந்த ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

இரவின் கட்டங்கள்

விழிகள் இமைக்குள் வேகமாக ஓடும் தூக்கக் கட்டத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் 1953-இல் அறிவித்தார்கள். ‘ரெம்’ என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கட்டத்தில்தான் தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருகின்றன. 1968-இல் ரெக்ட்ஷாஃபென், கேல்ஸ் இருவரும் தொகுத்த கையேடு, ரெம் தவிர்த்த தூக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தது. 2007-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் மூன்றையும் நான்கையும் ஒன்றாக்கியது. ஆகவே இப்போதைய கணக்கில், முதல் நிலை தூக்கத்தின் வாசல். இரண்டாம் நிலை லேசான தூக்கம். மூன்றாம் நிலை மெதுவான பெரிய அலைகள் எழும் ஆழ்துயில். அதன் பிறகு ரெம்.

பிள்ளைகளின் இரவு பெரியவர்களின் இரவைப் போன்றதில்லை. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி ரெம் வகையைச் சேர்ந்தது. பள்ளி வயதில் அது நான்கில் ஒரு பங்கை ஒட்டி வந்து நிற்கிறது. ஆழ்துயில் அலைகள் வாழ்நாளிலேயே மிக ஓங்கி நிற்பதும் குழந்தைப் பருவத்தில்தான். பதின்பருவத்தில் அவை சரியத் தொடங்குகின்றன. ஆக, ஆழ்துயிலை இழக்கும் எட்டு வயதுப் பிள்ளை இழப்பது, அறுபது வயது முதியவர் இழப்பதைக் காட்டிலும் மிக அதிகம்.

அந்த ஆழ்துயில் வேளையில் உடலுக்குள் நடப்பதும் கவனிக்கத்தக்கது. முன்னிரவின் முதல் ஆழ்துயிலை ஒட்டி வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரக்கிறது என்பதை 1968-இல் தகாஹாஷியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். கடுமையான தீக்காயம் பட்டவர்களின் இரத்தத்தில் இந்த ஹார்மோன் குறைந்து போவது தெரிந்த செய்தி. டெக்ஸாஸின் கால்வெஸ்டன் நகரில் டேவிட் ஹெர்ண்டன் குழுவினர், புண்ணில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடம் இந்த ஹார்மோனை ஊசியாகத் தரும்போது விரைவில் ஆறுகிறது என்று 1990-இல் குழந்தைகளிடம் கண்டார்கள். ஊசி வழியாகத் தருவதை உடலே ஆழ்துயிலில் சுரந்துகொள்ள வைக்க முடியுமா என்ற ஆசை மருத்துவர்களுக்கு எழுந்தது இயல்பு. அந்த ஆசைதான் தூக்க நிலைகளை இவ்வளவு அக்கறையோடு எண்ண வைத்தது.

தீ ஏன் தூக்கத்தைத் தொடுகிறது?

காயம் ஆழமானால் உடலின் அடுப்பே பெரிதாக எரியத் தொடங்குகிறது. உடலின் 40 விழுக்காட்டுக்கு மேல் வெந்துபோன பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு கூடுகிறது, தசை கரைகிறது, அட்ரினலின் குடும்பத்துச் சுரப்புகள் பல மடங்கு உயர்கின்றன. இந்த மிகைச் செலவு மருத்துவமனையை விட்டுப் போன பிறகும் ஓராண்டு, ஈராண்டு என நீடிக்கும். விழிப்புக்கென்றே அமைந்த வேதிப்பொருள்கள் இரவும் பகலும் ஓடும் உடலில் தூக்கம் ஆழப்படுவது கடினம்.

வெப்பமும் எதிராக நிற்கிறது. சாதாரணமாக உடலின் உள்வெப்பம் சற்றுத் தணியும்போதுதான் தூக்கம் வருகிறது. தீக்காயம் பட்டவரின் உடலோ தன் வெப்ப அளவையே ஒன்றிரண்டு டிகிரி உயர்த்தி வைத்துக்கொள்கிறது. தோல் இல்லாத இடம் வழியே வெப்பம் ஓடிவிடும் என்பதால் அறையையும் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக வைக்கிறார்கள். உயிர் காக்கும் ஏற்பாடு அது, தூக்கத்துக்கு உகந்ததன்று.

இவற்றோடு வலி, டிரெஸ்ஸிங் மாற்றும் பயம், மூக்குக் குழாய் வழியே இரவிலும் இறங்கும் உணவு, மணிக்கொரு முறை இரத்த அழுத்தம் பார்ப்பது, எச்சரிக்கை மணிகள் எல்லாம் சேர்கின்றன. மருத்துவமனை அறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பலவற்றில் 50 டெசிபல் என்பதே அமைதியான நேரம். புண் ஆறத் தொடங்கியதும் வலி விலகி, அந்த இடத்தை அரிப்பு பிடித்துக்கொள்கிறது. அரிப்பு இரவில்தான் கூடும்.

தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பெரியவர்களிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், மோசமாகத் தூங்கிய இரவுக்கு அடுத்த பகலில் நோயாளிகள் கூடுதல் வலியைச் சொன்னார்கள். வலி மிகுந்த பகல் அடுத்த இரவின் தூக்கத்தை அதே அளவுக்குக் கெடுக்கவில்லை. வலி தணிந்தால் தூக்கம் தானே வந்துவிடும் என்ற வழக்கமான நம்பிக்கைக்கு இது இடறலான முடிவு. தூக்கத்தைத் தனியே கவனிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இதுவே வலுவான துணை.

அளப்பதும் ஒரு பாடு

குழந்தைத் தீக்காயத்தில் தூக்க நிலைகளைப் பற்றிய ஆய்வுகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. பதிவுக் கருவியின் மின்முனைகள் ஒட்டுவதற்குத் தோல் வேண்டும். முகமும் தலையும் வெந்திருந்தால் ஒட்ட இடமில்லை. முகம் தப்பியிருந்தாலும் தலை தப்புவதில்லை. பிள்ளைகளுக்குத் தோல் ஒட்டும் அறுவைக்கு மண்டைத் தோல் நல்ல கொடை இடம். சீக்கிரம் ஆறும், முடி வளர்ந்து தழும்பை மறைத்துவிடும் என்பதால் அறுவை மருத்துவர்கள் அதை விரும்பி எடுப்பார்கள். மூளையலையைப் பார்க்க வேண்டிய அதே இடம் சில நாட்களுக்குப் புண்ணாகக் கிடக்கும்.

பதிவு கிடைத்தாலும் படிப்பது எளிதில்லை. பென்சோடயசெபைன் வகை மருந்துகள் மூளையலையின் மேல் வேகமான சிற்றலைகளை ஏற்றி வைக்கும். இரத்தத்தில் கிருமி பரவியிருந்தால் விழித்திருக்கும் குழந்தையின் அலையும் மெதுவாகிவிடும்; அது ஆழ்துயிலின் அலையைப் போலவே தோன்றும். ஆரோக்கியமானவர்களை வைத்து எழுதிய கையேட்டின் விதிகள் இங்கே பல இடங்களில் தடுமாறுகின்றன. ஆகவே ஒரு மருந்து ஆழ்துயிலைக் கூட்டியது என்று படிக்கும்போது, கூடியது உண்மையில் தூக்கமா, தூக்கத்தின் அலை வடிவத்தைப் போன்ற வேறொன்றா என்று கேட்கத் தோன்றும். மயக்க மருந்துகளுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இரண்டு மருந்து, நாற்பது பிள்ளைகள்

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் சோதனை, அதே சின்சினாட்டி குழுவிலிருந்து 2008-இல் வந்தது. மூன்று முதல் 18 வயது வரையிலான 40 பேர். சராசரியாக உடலில் பாதி வெந்தவர்கள். ஸோல்பிடெம், ஹாலோபெரிடால் என்ற இரண்டு மருந்துகளையும் குலுக்கல் முறையில் மாற்றிக் கொடுத்து, மருந்து இல்லாத இரவோடு ஒப்பிட்டார்கள்.

தேர்ந்தெடுத்த இரண்டும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஸோல்பிடெம் தூக்கத்துக்கென்றே வந்த மாத்திரை. அமெரிக்காவில் 1992-இல் பெரியவர்களுக்கு அனுமதி பெற்றது. மூளையைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளில் ஒரு வகையை மட்டும் குறிவைத்துச் செயல்படுவதால், பழைய பென்சோடயசெபைன்களைப் போல ஆழ்துயிலை நசுக்காது என்ற எதிர்பார்ப்பு அதன் மேல் இருந்தது. ஹாலோபெரிடால் மனச்சிதைவுக்காக 1958-இல் பெல்ஜியத்தின் யான்சன் ஆய்வகத்தில் உருவானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழம்பித் துடிக்கும் நோயாளியை அமைதிப்படுத்த வந்து, பின்னர் இரவு மருந்தாகவும் நிலைத்துவிட்டது.

முடிவு இரு மருந்துகளுக்கும் அரை வெற்றியே. ஸோல்பிடெம் கொடுத்த இரவுகளில் ஆழ்துயிலும் ரெம்மும் சற்றே ஏறின. ஹாலோபெரிடால் கொடுத்த இரவுகளில் மொத்த நேரம் கூடியது. ஆனால் கூடியது பெரும்பாலும் இரண்டாம் நிலைத் தூக்கம். அதாவது குழந்தை நெடுநேரம் தூங்கும், ஆழமாகத் தூங்காது. எந்த மருந்தும் அந்த வயதுக்குரிய இயல்பான அமைப்பை மீட்டுத் தரவில்லை.

ஏன் இவ்வளவு சிறிய பலன்? மருந்தின் கணக்கு ஒரு காரணம். ஸோல்பிடெம் பெரியவர்களின் உடலிலேயே இரண்டரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். சிறு பிள்ளைகளின் உடல் அதை இன்னும் வேகமாகக் கழிக்கிறது. தீக்காயத்தின் மிகைச் செலவில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஓடும் இரத்தம் கூடுவதால் பல மருந்துகள் வழக்கத்தை விட விரைவாக வெளியேறுகின்றன. இரவு ஒன்பதுக்குக் கொடுத்தது நள்ளிரவுக்குப் பிறகு பெயருக்குத்தான் உடலில் இருக்கும். ரெம் தூக்கம் பெரிதும் குவிவதோ பின்னிரவில்.

இன்னொரு புறம் பாதுகாப்பு. கவனக்குறை மிகைச் செயல்பாடுள்ள, தூக்கம் வராத 201 பிள்ளைகளிடம் ஸோல்பிடெமைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளியானது. வெற்று மாத்திரையைக் காட்டிலும் அது சீக்கிரம் தூங்க வைக்கவில்லை. நூற்றுக்கு ஏழு பேருக்கு இல்லாதது தெரிவதும் கேட்பதுமான மாயத் தோற்றங்கள் வந்தன. 2019-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தூக்கத்தில் எழுந்து நடப்பது போன்ற ஆபத்துகளுக்காக இந்த மருந்துக்கு மிகக் கடுமையான பெட்டி எச்சரிக்கையை விதித்தது. ஹாலோபெரிடாலுக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்வது, இதயத்தின் மின்னோட்டத் தாளம் நீள்வது என்ற பழைய கவலைகள் தொடர்கின்றன.

தூக்கத்துக்காகத் தராத மருந்துகள்

தூக்க மருந்து என்ற பெயரில் தருவதை விட, வேறு காரணத்துக்காகத் தருவதுதான் தீக்காயக் குழந்தையின் இரவைப் பெரிதும் மாற்றுகிறது. இந்தப் பட்டியலில் கெட்டமைன் முதலிடம். மூச்சை அதிகம் அடக்காமல் வலியை முழுவதுமாக அறுப்பதால், டிரெஸ்ஸிங் மாற்றும் வேளைகளில் உலகெங்கும் தீக்காய வார்டுகள் அதை நம்பியிருக்கின்றன. சின்சினாட்டி குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு, கெட்டமைன் பெற்ற பிள்ளைகளின் இரவில் ரெம் தூக்கம் குறைந்திருந்ததைக் காட்டியது. பகலில் கொடுத்த ஊசி இரவின் ஒரு கட்டத்தைக் கரைத்துவிடுகிறது. அதற்காகக் கெட்டமைனைக் கைவிட யாரும் சொல்லவில்லை. தீக்காயத்தைத் துடைக்கும் வேதனைக்கு அதற்கு ஈடான மாற்று எளிதில் கிடைப்பதில்லை.

மார்ஃபின் வகை மருந்துகளும் இப்படித்தான். சான் டியாகோவில் ஆரோக்கியமான பெரியவர்களை வைத்து நடந்து 2007-இல் வெளியான சோதனையில், ஒரே ஒரு வேளை மார்ஃபினோ மெத்தடோனோ ஆழ்துயிலைக் குறைத்து, இரண்டாம் நிலையைக் கூட்டியது. வலி இல்லாதவர்களிடம் கண்ட முடிவு இது. வலியால் துடிக்கும் குழந்தைக்கு மார்ஃபின் இல்லாத இரவில் எந்தக் கட்டமும் கிடைக்காது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். தராசின் மறுதட்டில் இன்னொரு எடை இருக்கிறது. பாஸ்டன் ஷ்ரைனர்ஸ் மருத்துவமனையில் கிளென் சாக்ஸ் குழுவினர் 24 தீக்காயக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2001-இல் எழுதினார்கள்: மருத்துவமனையில் கூடுதலாக மார்ஃபின் பெற்றவர்களுக்கு, அடுத்த ஆறு மாதங்களில் விபத்தின் பேரச்ச அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ஆழ்துயிலைத் தின்னும் மருந்தே நெடுநாள் கனவுகளின் அச்சத்தைத் தணிக்கவும் கூடும்.

மிடசோலம், லோரசெபம் போன்ற பென்சோடயசெபைன்கள் அச்சத்தை அடக்குகின்றன. குழந்தையை விரைவாகத் தூங்கவும் வைக்கின்றன. இரண்டாம் நிலை நீள்கிறது, அந்த நிலைக்கே உரிய கதிர் வடிவ அலைகள் பெருகுகின்றன, ஆழ்துயில் சுருங்குகிறது. நாட்கணக்கில் கொடுத்துத் திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த ரெம் பெருக்கெடுத்துத் திரும்பும். கொடுங்கனவுகளும் அதோடு வரும்.

டெக்ஸ்மெடடோமிடின் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. மூளைத் தண்டில் விழிப்பைக் காக்கும் நீலப்புள்ளி என்ற நரம்புத் திரளை அது தணிக்கிறது. அதனால் எழும் அலைகள் இயல்பான இரண்டாம், மூன்றாம் நிலைகளோடு வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன. தொட்டு அழைத்தால் விழிக்கவும் முடியும். ரெம் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் ஸ்கேன் போன்ற வலியில்லாத பரிசோதனைகளுக்கு ஒரு மாதம் முதலான குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்த 2022-இல் அனுமதி கிடைத்தது. தீக்காயக் குழந்தையிடம் ஒரு தடை உண்டு: அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கும், நீரிழந்து நிற்கும் முதல் இரண்டு நாட்களில் அந்த இறக்கம் ஆபத்தானது.

பிரப்ரனலால் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-இல் ஹெர்ண்டன் குழுவினர் 25 பிள்ளைகளை வைத்து நடத்திய சோதனை, இந்த பீட்டா தடுப்பு மருந்து துடிப்பைக் குறைத்துத் தசைக் கரைவைத் தடுக்கிறது என்று காட்டியது. அதன்பின் தீக்காயச் சிகிச்சையில் அது நிலைபெற்றது. இதே வகை மருந்துகள் இரவில் சுரக்கும் மெலடோனினைக் குறைப்பவை. பெரியவர்களுக்குக் கொடுங்கனவு வரவழைப்பவையாகவும் பெயர் பெற்றவை. தசையைக் காப்பாற்றும் மருந்து இரவின் கடிகாரத்தில் கை வைக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே அதைத் தொடர வேண்டியிருக்கிறது.

அரிப்புக்கும் அச்சத்துக்கும்

புண் மூடிய பின்வரும் அரிப்புக்கு டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்ஸிசின் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள்தான் வழக்கமான முதல் தேர்வு. இவை தூக்கம் தருகின்றன என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இவை ரெம் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக் குறைக்கின்றன. தூக்கம் தரும் பலனுக்கும் உடல் சில நாட்களிலேயே பழகிவிடுகிறது. ஆகவே மூன்றாம் வாரத்தில் மருந்துச்சீட்டில் நீடிக்கும் அலர்ஜி சிரப், அரிப்பையும் சரிவர அடக்காமல் தூக்கத்தையும் தராமல் வெறும் பழக்கமாக நின்றுபோகலாம்.

காபாபென்டின் இதற்கு மாற்றாக வந்தது. தீக்காயப் பிள்ளைகளின் அரிப்புக்கு அதைப் பயன்படுத்திய முன்னோடி ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. பெரியவர்களிடம் இது ஆழ்துயிலைக் கூட்டுகிறது என்பது தனியே நடந்த தூக்க ஆய்வுகளில் தெரிந்தது. பென்சோடயசெபைனும் மார்ஃபினும் கரைக்கும் கட்டத்தைக் கூட்டும் மருந்துகள் அரிது. அந்த வகையில் இது கவனத்துக்குரியது.

கொடுங்கனவுக்கும் திடுக்கிட்டு விழிப்பதற்கும் தந்த மருந்துகளின் கதை இந்தத் துறைக்கே ஒரு பாடம். கால்வெஸ்டன் ஷ்ரைனர்ஸ் மருத்துவமனையில் ரோண்டா ராபர்ட்டும் சகாக்களும் 1999-இல் 25 பிள்ளைகளுக்கு இமிப்ரமின் அல்லது குளோரல் ஹைட்ரேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். இமிப்ரமின் பெற்றவர்களில் 83 விழுக்காட்டினருக்கு அச்ச அறிகுறிகள் குறைந்தன. குளோரல் பக்கம் 38 விழுக்காடு மட்டுமே. இமிப்ரமின் ரெம்மை வலுவாக அடக்கும் மருந்து. கனவு அடங்கினால் அச்சமும் அடங்கும் என்ற விளக்கமும் பொருத்தமாகத் தெரிந்தது. பத்தாண்டு கழிவதற்குள் அதே குழுவினர் 60 பேரிடம் இமிப்ரமின், ஃப்ளூவாக்ஸடின், வெற்று மருந்து மூன்றையும் ஒப்பிட்டு 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றுக்கும் புள்ளியியல் ரீதியாக வேறுபாடு இல்லை. வெற்று மருந்து பெற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோரும் தேறியிருந்தார்கள். முதல் சோதனையில் வெற்று மருந்துக் குழு இல்லாததால், நாள் செல்லச் செல்லத் தானாகத் தேறிய பங்கும் மருந்தின் கணக்கில் ஏறியிருந்தது.

பழைய சிரப்புகள்

அந்தக் குளோரல் ஹைட்ரேட் 1869-இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைஷ் அறிமுகப்படுத்தியது. தூக்கத்துக்கென்று முதலில் வந்த செயற்கை மருந்துகளில் ஒன்று. வழக்கமான அளவில் தூக்க நிலைகளை அதிகம் குலைப்பதில்லை என்பதால் நூறாண்டுக்கு மேல் குழந்தைகள் பிரிவில் நிலைத்தது. அமெரிக்காவில் அதன் திரவ வடிவம் 2012-இல் சந்தையிலிருந்து விலகியது. இந்தியாவில் அதன் நெருங்கிய உறவான டிரைக்ளோஃபாஸ் இன்றும் ‘பெடிக்ளோரில்’ போன்ற பெயர்களில் சிரப்பாகப் புழங்குகிறது. உடலுக்குள் போனதும் இரண்டும் ஒரே வேதிப்பொருளாகத்தான் மாறுகின்றன. மூளையலைப் பரிசோதனைக்கும் செவிப்பரிசோதனைக்கும் சிறு குழந்தைகளைத் தூங்க வைக்க நம்மூர் மருத்துவமனைகள் நன்கறிந்த சிரப் அது. ஒரு வேளைப் பரிசோதனைக்குப் பொருந்துவது, வாரக்கணக்கில் இரவுதோறும் தருவதற்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது. வயிறு எரியும், அளவு மீறினால் இதயத் தாளம் குலையும்.

‘பெனர்கன்’ என்று அறியப்படும் புரோமெதசின் சிரப்புக்கு, மூச்சு அடங்கும் ஆபத்தால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரவே கூடாது என்று அமெரிக்காவில் 2004-இல் பெட்டி எச்சரிக்கை வந்தது. மார்ஃபின் வகை மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தீக்காயக் குழந்தைக்கு அந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

மெலடோனின் இந்தக் கூட்டத்தில் மென்மையானது. தூக்க நிலைகளின் பங்கீட்டை அது அதிகம் மாற்றுவதில்லை. தூக்கம் வரும் நேரத்தை முன்னுக்கு இழுக்கிறது. பகலும் இரவும் குழம்பிப்போன குழந்தைக்கு இந்தக் குணம் ஏற்றது. கொடுமையான வலியையோ அரிப்பையோ மீறித் தூங்க வைக்கும் வலிமை அதற்கு இல்லை. அமெரிக்காவில் மிட்டாய் வடிவ மெலடோனின் 25 வகைகளைச் சோதித்த ஆய்வு 2023-இல் வந்தது. அவற்றில் 22-இல் லேபிளில் இருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. மருந்தாக இல்லாமல் துணையுணவாக விற்பதன் விளைவு அது.

மருந்தில்லாத பாதி

இத்தனை மருந்துகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. பெரும்பாலானவை தூக்கத்தின் நீளத்தைக் கூட்டுகின்றன. கூடும் நீளம் இரண்டாம் நிலையில் போய்ச் சேர்கிறது. ஆழ்துயிலை ஒன்றிரண்டு மருந்துகளே தொடுகின்றன. ரெம்மைப் பலவும் குறைக்கின்றன. சின்சினாட்டி சோதனையில் ஸோல்பிடெம் அதைச் சற்று உயர்த்தியது ஒரு விதிவிலக்கு. ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் கெட்டமைன், மார்ஃபின், லோரசெபம், அலர்ஜி சிரப் நான்கும் போகும்போது, ஐந்தாவதாக ஒரு தூக்க மருந்தைச் சேர்ப்பதை விட முதல் நான்கில் எதைக் குறைக்கலாம், எதன் நேரத்தை மாற்றலாம் என்று பார்ப்பதில் பலன் கூடுதல்.

2022-இல் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் இதே திசையில்தான் நிற்கிறது. பென்சோடயசெபைனை முடிந்தவரை குறைப்பது, டெக்ஸ்மெடடோமிடின் வகையை முன்னே வைப்பது, இரவில் சத்தத்தையும் வெளிச்சத்தையும் தணிப்பது, பகலில் குழந்தையை எழுப்பி நடமாட வைப்பது. மனக்குழப்பத்தைத் தடுக்க ஹாலோபெரிடாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

வார்டில் இதைச் செய்யும் வழிகள் மிகச் சாதாரணமானவை. நள்ளிரவு இரத்தப் பரிசோதனையை விடிகாலைக்குத் தள்ளலாம். டிரெஸ்ஸிங்கை முற்பகலில் முடித்துவிட்டால் கெட்டமைனும் மார்ஃபினும் உடலை விட்டு நீங்க நேரம் கிடைக்கும். பயப்படும் குழந்தைக்கு அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் படுக்கலாம். ஆனாலும் இவை எல்லாவற்றாலும் புண் சீக்கிரம் ஆறுகிறதா என்பதைத் தூக்க நிலைகளோடு சேர்த்து அளந்து காட்ட, இதுவரை சேர்த்த சில பத்துக் குழந்தைகள் போதாது. ஒரே மருத்துவமனையால் அந்த எண்ணிக்கையைத் திரட்ட முடியாது. பல தீக்காய மையங்கள் சேர்ந்தால்தான் முடியும்.

வீட்டுக்குப் போன பிறகு

மருத்துவமனை வாசலில் தூக்கப் பிரச்சினை நின்றுவிடுவதில்லை. வீடு திரும்பி ஓராண்டுக்கு மேலான குழந்தைகளை விசாரித்த ஓர் அமெரிக்க ஆய்வு 1993-இல் வெளிவந்தது. கொடுங்கனவு, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தூக்கத்தில் நடப்பது, பகலில் தூங்கி விழுவது ஆகியவற்றைப் பெற்றோர் சொன்னார்கள். இவற்றில் கொடுங்கனவு ரெம்மிலிருந்து எழுவது. தூக்கத்தில் நடப்பது ஆழ்துயிலிலிருந்து எழுவது. இரண்டுக்கும் ஒரே சிரப்பைக் கொடுத்தால் ஒன்று அடங்கி மற்றொன்று கூடலாம். ஏற்கெனவே தூக்கத்தில் நடக்கும் பிள்ளைக்கு ஸோல்பிடெம் கொடுப்பது அந்த மருந்தின் எச்சரிக்கைக்கே நேர் எதிர்.

அதனால் டிஸ்சார்ஜ் தாளில் தூக்கம் தரும் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே மூன்று விவரம் இருப்பது நல்லது: எதற்காகத் தொடங்கினார்கள், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், எத்தனை நாளில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீடு திரும்பிய முதல் வாரத்தில் குழந்தை நள்ளிரவில் அலறி எழுந்தால், அது விபத்தின் நினைவா, லோரசெபமை நிறுத்தியதால் பெருகி வந்த ரெம்மா, அடங்காத அரிப்பா என்று மருத்துவர் பிரித்துப் பார்க்க அந்தத் தேதிகள் வேண்டியிருக்கும். மூன்றுக்கும் தர வேண்டிய சிகிச்சை வேறு வேறு.